கேட்காமல் எடுத்த ரத்தம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். ரசம் எடுத்துவரப் போனதாக நினைத்திருப்பாய். அடுப்புப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் எங்கள் கம்பெனி பர்சனல் ஆபீசர் சேகரன் உன்னைப் பார்த்ததாகச் சொன்னாய். தோளில் கைபோட்டு, "உங்கம்மா நல்ல ஒர்க்கர்ப்பா" என்றாராம். பொம்மசந்திராவில் பர்சனல் டிபார்ட்மெண்டில் நீ சேரப்போவதைக் கேட்டு வாழ்த்தினாராம். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "அவரு அவரோட வேலையத்தானே பாத்தாரு, உடும்மா" என்றாய். அந்த வார்த்தை மூன்று நாளாக என் தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை நீயும் அதே மாதிரி ஒரு நாற்காலியில் போய் உட்காரப்போகிறாய். அதற்கு முன்னால், அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்த வேலை என்ன என்று உனக்கு முழுதாகத் தெரிந்தாக வேண்டும். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். படித்தது எட்டாவது வரைக்கும்தான். ஆனால் மூன்று வருஷம் மனு மனுவாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். எழுத வருகிறது. படித்த பிறகு உனக்குச் சம்மதமானால் யாரிடம் வேண்டுமானாலும் இதைக் காட்டு.

உன் அப்பா நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூருக்கு வந்தது சிப்காட்டுக்காக நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில். முதலில் மண் அள்ளினார், பிறகு ஒரு பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தார். நான் காவேரிப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி வந்து, நீ பிறந்து, உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு வேலைக்குப் போனேன். சுவிட்ச் செய்யும் கம்பெனியில் பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். கடுகு அளவு ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்து அதன் இடத்தில் உட்கார வைக்கும் வேலை. ஆண்களின் விரலுக்கு அது அடங்காது. பதின்மூன்று வருஷம் அந்த லைனில் உட்கார்ந்தேன். நான் பூட்டிய சுவிட்ச் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசர் புதுப் பெண்களை என் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவார். ஆந்திராப் பெண்களும் கன்னடப் பெண்களும் என்னிடம் தொழில் கற்றுக்கொண்டு, பதிலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் அவரவர் பாஷையை எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், 'நல்ல ஒர்க்கர்' என்பது சேகரனுக்கு இன்று தெரிந்த விஷயம் இல்லை. என்னை வெளியே தள்ளிய அன்றும் அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்பாவுக்கு உடம்பு கரைய ஆரம்பித்தபோது டி.பி. என்றார்கள். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இன்ன சோதனை என்று சொல்லி, சம்மதம் கேட்டு, ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து எங்கள் இரண்டு பேரையும் ஓர் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அந்த டாக்டர் எச்.ஐ.வி. என்று சொன்னார். என்னையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார். கன்னடத்தில் ஆரம்பித்தவர், நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறி, நான் கேட்ட முட்டாள்தனமான கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் எனக்கு எவ்வளவு பெரிய மரியாதை செய்தார் என்பது பின்னால்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் உன் அப்பாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "எப்பிடி வந்துச்சு?" காலையில் கேட்பேன், கஞ்சி கொடுக்கும்போது கேட்பேன், முதுகு துடைத்துவிடும்போது கேட்பேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவர் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன், நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டதால் அவருக்கு ஒரு வேளை காய்ச்சல்கூடக் குறையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நாட்களில் போலீஸ்காரி மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தேன். அது என் முதல் தப்பு. அவர் போனதும் எல்லாரிடமும் மஞ்சள் காமாலை என்றேன். உன்னிடமும் அதையே சொன்னேன். நான் சோதித்துக்கொள்ளவில்லை. பயம்.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, ரத்தப்போக்கு நிற்காமல், கம்பெனிக்குப் பழக்கமான ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷனுக்குச் சேர்ந்தேன். எங்கள் கம்பெனி டாக்டர்தான் அங்கேயும் பார்ப்பவர். நர்ஸ் வந்து ரத்தம் எடுத்தது. "ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் எடுக்கறதுதாங்க" என்றது. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "பெரிய டாக்டர் ஊர்ல இல்ல, வூட்டுக்குப் போங்க, சொல்லி அனுப்பறோம்" என்று சீட்டை நீட்டினார்கள். அந்த நர்ஸ் சீட்டின் ஒரு மூலையை மட்டும் இரண்டு விரலால் பிடித்திருந்தது. நான் ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுத்திருந்துவிட்டு, முடிந்த வரைக்கும் பார்ப்போம் என்று நாலாம் நாள் முதல் ஷிப்டுக்குப் போனேன்.

கேட்டுக்குள் நுழைந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் என் ஸ்டூல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கால் ஆடும் என்று நீல வயர் சுற்றி வைத்திருந்தேன், அதனால் தூரத்திலேயே தெரிந்தது. கழுவிக் காய்ந்திருந்தது. பினாயில் வாசனை அடித்தது. பக்கத்து ஸ்டூல்காரி நாகரத்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அத்திப்பள்ளிப் பக்கத்துப் பெண், உனக்குத் தெரியுமே.

"ஏனு மாடோது அக்கா, இன்னா செய்யறது... நேத்து சாயங்காலமே கழுவி வெளிய வெச்சிட்டாங்க. நாங்கள்ளாம் பாத்துகினுதான் இருந்தோம்."

"இன்னாத்துக்குடீ கழுவினாங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள், சேகரன் சார் கூப்பிடுகிறார் என்று செக்யூரிட்டி வந்து நின்றார்.

சேகரன் என்னை உட்காரச் சொல்லவில்லை. மேஜையில் டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது. உடம்பு சரியில்லாததால் நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன் என்று.

"எல்லாருக்கும் நல்லதுக்குத்தாம்மா. கையெழுத்துப் போட்டுடு."

"எனக்கு இன்னா நோவு சார்? முதல்ல அதச் சொல்லுங்க."

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

அவர் பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார். "உன் புருஷன் எதுல செத்தான்? அவன் எங்கெங்க மேஞ்சி எய்ட்ஸ வாங்கினு வந்தானோ... அத நீ இங்க உக்காந்து வயசுப் பொண்ணுங்களுக்கெல்லாம் பரப்பணுமா?"

எனக்கு அந்த வியாதி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான், கண்ணு. உன் அப்பாவுக்குச் சொன்னது போலக் கதவைச் சாத்தி யாரும் சொல்லவில்லை. அந்த அறையின் கதவு திறந்திருந்தது. டைப்பிஸ்ட் பெண் மெஷினில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் பேனாவைத் தொடவில்லை. "கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றேன். "போடலன்னா நாளையிலேர்ந்து கேட்டுக்குள்ள வர முடியாது" என்றார். மறுநாள் அப்படியே ஆயிற்று. அன்று சாயங்காலமே வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "சேகரன் சார் போன் பண்ணாருங்க. புள்ளக்குட்டிங்க இருக்கிற எடம். வேற வூடு பாத்துக்கோங்க" என்றார். அப்போது நீ கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் இருந்தாய். வீடு மாறியது ஏன் என்று கேட்டாய்; தண்ணீர்க் கஷ்டம் என்றேன்.

செத்துப்போகலாம் என்று அந்த வாரம் பல தடவை தோன்றியது. என்னைக் காப்பாற்றியது சாமி இல்லை. உன் நினைப்புகூட இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ஆள் மேல் இருந்த ஆத்திரம்தான். நான் செத்தால் அவர் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் குறையாது என்று நினைக்க நினைக்க, சோறு வடித்து வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தேன். தெம்பு வேண்டியிருந்தது. கட்டியை அந்தப் பெங்களூர் ஆஸ்பத்திரியிலேயே பிறகு எடுத்துக்கொண்டேன்.

வக்கீல் நூர்ஜஹானிடம் என்னைக் கூட்டிப்போனவள் நாகரத்னாதான். அவள் அக்காவின் விவாகரத்து வழக்கை அவர் நடத்தியிருந்தார். கிருஷ்ணகிரியில் அவர் அப்பாவின் மாங்காய் மண்டிக்கு மேலே ஆபீஸ். நாங்கள் போனது சீசன் காலம். படிக்கட்டிலெல்லாம் வைக்கோலும் மாம்பழ வாசனையும். நான் சொல்லி முடித்ததும் அவர் எனக்கும் நாகரத்னாவுக்கும் தனக்கும் ஒரே தட்டில் மாம்பழம் அறுத்து வைத்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். "எடுங்கக்கா, நான் படிச்சிருக்கேன், இப்பிடியெல்லாம் பரவாது" என்றார். பிறகு கேட்டார், "உங்களுக்கு இப்ப என்ன வேணும்? வேலையா?"

"வேல வேணாம்மா. அந்த ஆள ஜெயில்ல போடணும்."

"ஜெயில்ல போட இதுக்குன்னு தனிச் சட்டம் எதுவும் நம்ம நாட்டுல இல்லக்கா. ஆனா விசாரணை இல்லாம தொழிலாளிய வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உசுரோட வாழ்ற உரிமையில பொழைக்கிற வழியும் சேர்த்தின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நோயாளியோட ரகசியத்த டாக்டர் காப்பாத்தணும். அத வெச்சு அவங்களக் கூண்டுல ஏத்தலாம். ஏத்தி, எல்லாத்தையும் அவங்க வாயாலயே சொல்ல வைக்கலாம்."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஜட்ஜ் முன்னாடி, நீங்க பாக்கிற மாதிரி."

"அப்ப ஏத்துங்க" என்றேன். நியாயம் கேட்டுப் போனேன் என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். நான் போனது பழி வாங்க. நியாயம் அதே பஸ்ஸில் கூட வந்தது, அவ்வளவுதான்.

லேபர் ஆபீசர் முன்னால் நடந்த பேச்சுக்குக் கம்பெனி ஆட்கள் மூன்று தடவை வரவில்லை, நாலாவது தடவை வந்து முடியாது என்றார்கள். பிறகு சேலத்தில் லேபர் கோர்ட். ஓசூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, தொப்பூர்க் கணவாய் இறங்கும்போதே வயிற்றைப் பிரட்டும். பையில் பாலிதீன் கவரோடு போவேன். எத்தனை வாய்தா என்று எனக்கே நினைவில்லை. நீ கூட வருகிறேன் என்றாய். கம்பெனித் தகராறு, உனக்கு எதற்கு, படிப்பைப் பார் என்றேன். உண்மையில், அங்கே என் வியாதியின் பெயரை நீ கேட்டுவிடக் கூடாது என்று பயந்தேன்; இந்தக் கடிதத்தில்தான் அதை உனக்குச் சொல்கிறேன். வழக்கு பாதியில் இருக்கும்போது ஒருநாள் நூர்ஜஹான் ஒரு ஜெராக்ஸ் கட்டோடு கோர்ட் வாசலுக்கு ஓடிவந்தார். பம்பாய் ஹைகோர்ட்டில் நம்மைப் போல ஒரு கூலித் தொழிலாளி ஜெயித்திருக்கிறார், வேலை செய்யத் தெம்பு இருக்கிறவரை இந்த வியாதியைக் காரணம் காட்டி வேலையை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு, அவர் பெயரைக்கூட வெளியே விடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றார். முகம் தெரியாத அந்த மனுஷனுக்கு அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். என் பெயரையும் மறைக்க மனுப் போடலாமா என்று வக்கீல் கேட்டார். "ஓசூர் பூரா தெரிஞ்ச பேர மறைச்சி இன்னாம்மா ஆவப்போவுது? சொன்னவங்க பேரெல்லாம் வெளிய வரட்டும்" என்றேன்.

முதலில் டாக்டர் ஏறினார். நான் பக்கவாட்டு பெஞ்சில், அவர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு வார்த்தையையும் நான் மறக்கவில்லை.

"இந்த சோதனை செய்யறதா நோயாளிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. ரொட்டீனா செய்யறது."

"முடிவ நோயாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல. மனசு கஷ்டப்படுவாங்கன்னு..."

"கம்பெனிக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கம்பெனிக்கு மனசு கஷ்டப்படாதா, டாக்டர்?"

ஜட்ஜ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன், இனித்தது. அடுத்தது சேகரன். நன்றாகச் சலவை செய்த சட்டை, பாக்கெட்டில் அதே பேனா. நூர்ஜஹான் என் லைனின் ரிஜெக்ட் ரிஜிஸ்டரை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். என் பெயருக்கு நேரே, வெளியே தள்ளியதற்கு முந்தின மாதம் முழுக்க ஒரு ரிஜெக்ட்கூட இல்லை என்று அவரே படித்தார். சுவிட்ச் வழியாக இந்தக் கிருமி பரவுமா என்று வக்கீல் கேட்டார். "அது டாக்டரத்தான் கேக்கணும்." கேட்டீர்களா? "இல்ல." பிறகு, யார் யாரிடம் சொன்னீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மேனேஜர். சூப்பர்வைசர். செக்யூரிட்டி. கேன்டீன் கான்ட்ராக்டர். கம்பெனி பஸ் டிரைவர். ஸ்டோர் கீப்பர். அதற்கு மேல் வாய் வரவில்லை. "அவங்க குடியிருந்த வீட்டுக்காரர்கிட்ட?" என்றார் வக்கீல். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஜட்ஜ், "பதில் சொல்லுங்க" என்றார். "சொன்னேன்" என்றார் சேகரன். ஏழு பேர். வீட்டுக்காரருக்குப் போன் செய்வது எந்த டிபார்ட்மெண்ட் வேலை, கண்ணு? நீ படித்த புத்தகத்தில் அது இருக்கிறதா?

கடைசியாக, உன் அப்பாவைப் பற்றிச் சொன்ன வார்த்தையைக் கேட்டார் நூர்ஜஹான். சேகரன் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அப்படி எதுவும் நான் சொல்லல" என்றார். டைப்பிஸ்ட் பெண் சாட்சிக்கு வர மறுத்துவிட்டது; அதுவும் சம்பளத்துக்கு இருக்கிற பெண்தானே. அதனால் அந்த வார்த்தை கோர்ட் காகிதத்தில் ஏறவில்லை. என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இடையில் போன வருஷங்களும் சர்வீஸில் சேரும் என்று வந்தது. பெரிய கோர்ட்டுக்குப் போவோம் என்று மிரட்டிய கம்பெனி போகவில்லை. எல்லாம் வந்தது. செத்துப்போன மனுஷனைப் பற்றிப் பேசிய அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எங்கேயும் தீர்ப்பு இல்லை. 'உடும்மா' என்று நீ சொல்வது அதைத்தான். அதை விட மாட்டேன்.

திரும்பப் போன அன்று நான் செய்ததைக் கேள். சேகரன் என் சேர்க்கை உத்தரவில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் வாங்கவில்லை. "தீர்ப்பு இங்கிலீஷ்ல இருக்குதே சார். எனக்குப் புரியாது. தமிழ்ல சொல்லுங்க" என்றேன். வக்கீல் அம்மா எனக்கு வரிவரியாக ஏற்கெனவே சொல்லியிருந்தார் என்பது அவருக்கும் தெரியும். டீ இடைவேளை. வராந்தாவில் பெண்கள் டம்ளரோடு நின்றார்கள். கதவு அன்றைக்குப் போலவே திறந்துதான் இருந்தது. இந்தத் தடவை அது எனக்கு உதவியது. அவர் படித்தார். முணுமுணுத்தால், "காதுல உழல சார்" என்பேன். 'நிர்வாகத்தின் செயல் மனிதத்தன்மையற்றது' என்ற இடத்தை இரண்டு தடவை படிக்க வைத்தேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. நாகரத்னா உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து ஸ்பிரிங்கை எடுத்தேன். அன்று மட்டும் நாலு ரிஜெக்ட்.

இன்னொன்றும் சொல்கிறேன். என்னை விரட்டியவர்கள் என்று டாக்டர், சேகரன், அந்த ஏழு பேர், பாத்திரத்தைத் தனியாக வைத்தவர்கள், தெருவில் ஒதுங்கிப் போனவர்கள் என்று இருபது பேருக்கு மேல் என் மனசில் வரிசையாக நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஒருவர் வீட்டுக்குள் இப்போது இதே வியாதி வந்திருக்கிறது. யார் என்று எழுத மாட்டேன். ஆணா பெண்ணா, எங்கே பார்த்தேன் என்று எதுவும் எழுத மாட்டேன். என்னைப் பார்த்ததும் அந்த முகம் வெளுத்தது. பக்கத்தில் வந்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எங்க மானமே போயிடும்" என்று கையைப் பிடித்தது. ஒரு காலத்தில் என் நிழல் பட்டால் ஒதுங்கிய கை. எனக்கு உள்ளே என்னென்னவோ கொதித்தது. ஊர் நடுவில் நின்று கத்தலாம். ஒரு டீக்கடையில் ஒரே ஒரு ஆளிடம் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் அந்தக் குடும்பம் வீடு தேடும். "சொல்ல மாட்டேன்" என்றேன். நான் நல்லவள் என்பதால் இல்லை. பதிலுக்கு உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். "ஒண்ணும் செய்யாதீங்க. செஞ்சா உங்களுக்கு மனசு லேசாயிடும். ஆவக் கூடாது" என்றேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் பயப்படுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை என்று தெரியத் தெரிய இன்னும் குன்றிப்போகிறார்கள். எனக்குத் தெரிந்த பழிவாங்கலில் இதுதான் பெரியது. சட்டத்துக்கும் உட்பட்டது. ஆனால் அந்த வியாதிக்காரர் எனக்கு ஒன்றும் செய்ததில்லை. அவரோடு மட்டும் நான் தனியாகப் பேசுகிறேன், மருந்துக்கு எங்கே போவது என்று சொல்கிறேன். மற்றவர்கள் பயந்துகொண்டே இருக்கட்டும்.

உன் மேஜைக்கும் இப்படிக் காகிதங்கள் வரும். யாரோ ஒரு டாக்டர் மூடின உறையில் அனுப்புவார், அல்லது போனில் சொல்வார். "எனக்கு எதுக்குச் சொல்றீங்க, அவங்களக் கேட்டீங்களா, அவங்ககிட்டச் சொன்னீங்களா" என்று கேள். மேலதிகாரி, தயாராக டைப் அடித்த ராஜினாமாவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்வார். அது உன் வேலை இல்லை என்று சொல். சொன்னால் உன் வேலை போகலாம். போனால் வீட்டுக்கு வா, நூர்ஜஹானிடம் போவோம். சட்டம் எப்போதும் நம் பக்கமே நிற்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டிலேயே இப்போது, ஆஸ்பத்திரி வெளியே சொன்னது தப்பில்லை என்று வேறு மாதிரியும் ஒரு தீர்ப்பு வந்திருப்பதாக அவர் வருத்தப்பட்டார். ஆனால் நாளைக்கு எவளாவது ஒருத்தி உன்னைக் கூண்டில் ஏற்றினால், நான் உன் பக்கம் உட்கார மாட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை விளையாட்டுக்கு எழுதவில்லை.

இனி எழுதப்போவதற்குத்தான் மூன்று நாளாகத் தயங்கினேன். என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திய மாதம் நீ லீவுக்கு வந்திருந்தாய். லேசாக இருமினாய். ஊரில் டைபாய்டு பரவுகிறது, ரத்தம் பார்த்துவிடலாம் என்று உன்னைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனேன். ஓசூரில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவ்வளவு தூரம். நாகரத்னாவும் கூட வந்தாள். அது டைபாய்டு சோதனை இல்லை, கண்ணு. நீ பிறக்கும்போது எங்களுக்கு இது இருந்திருக்காது, பயப்படத் தேவையில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. உனக்குப் பத்தொன்பது வயது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. லேப்காரரிடம் தனியாகச் சொல்லி, உன் கையை நானே பிடித்துக்கொண்டு, "டைபாய்டுக்குத்தான்" என்று பொய் சொல்லி உன் ரத்தத்தை எடுக்க வைத்தேன். இல்லை என்று முடிவு வந்ததும் உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் சந்தோஷம் தாங்காமல் நாகரத்னாவைக் கட்டிப்பிடித்துச் சொல்லிவிட்டேன். சேகரன் ஏழு பேரிடம் சொன்னார், நான் ஒருத்தியிடம். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார், நான் பாசத்தில் சொன்னேன் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். சேலத்தில் டாக்டரும் 'மனசு கஷ்டப்படுவாங்கன்னு' என்றுதான் ஆரம்பித்தார். அவர் வேர்த்ததைப் பார்த்து எனக்கு இனித்ததே, அந்த நொடியே உன் ஞாபகம் வந்து வாய் கசந்துபோனது.

அந்த லேப் சீட்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். உன் பெயர் போட்டது, உன்னுடையது. இத்தனை நாள் என்னிடம் இருந்ததே தப்பு.

சேகரனை நான் மன்னிக்கவில்லை. சாகும் வரைக்கும் மன்னிக்கப்போவதும் இல்லை. அப்படிப்பட்டவள், நீ என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் ஏது? கேட்கவில்லை. கோபப்படு, திட்டு, எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேள். மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஒன்றே ஒன்று. கோபம் ஆறட்டும், பிறகு போகலாம் என்று பொம்மசந்திராவில் உட்கார்ந்துவிடாதே. எனக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று தெரியாது. கோபத்தோடேயே வா.

உன் அம்மா